வேலையை விட்டுவிட்டேன், பயம் என்னை விடவில்லை: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் நான்கு, பணியிடத்தில் பிறரால் திட்டமிட்டுத் துன்புறுத்தப்படுவதையும் அதன் பிறகு மனம் படும் பாட்டையும் பற்றியவை. தனித்தனியே பதில் எழுதினால் சொன்னதையே திரும்பச் சொல்ல நேரும் என்பதால், இம்முறை நான்கையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 38. கணக்குத் துறையில் 14 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். முந்தைய நிறுவனத்தில் புதிதாக வந்த மேலாளர் இரண்டு ஆண்டுகள் என்னைக் குறிவைத்தே நடந்துகொண்டார். கூட்டத்திற்கு என்னை மட்டும் அழைக்க மறந்துவிடுவார். நான் கேட்ட விவரங்களைத் தராமல் வைத்திருந்து, அறிக்கை தாமதமானதும் எல்லோர் முன்னிலையிலும் காரணம் கேட்பார். நான் பேசத் தொடங்கினால் கைப்பேசியை எடுத்துப் பார்ப்பார். எட்டு மாதங்களுக்கு முன் வேலையை விட்டுவிட்டேன். புதிய இடத்தில் எல்லோரும் நல்லபடியாகவே நடத்துகிறார்கள். ஆனாலும் புதிய மேலாளர் ‘ஒரு நிமிடம் வந்துவிட்டுப் போங்கள்’ என்றால் நெஞ்சு படபடக்கிறது. ஒரு மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன் பத்து முறை படித்துப் பார்க்கிறேன். ஞாயிறு மாலை வந்தாலே வயிற்றைப் பிசைகிறது. ‘அதுதான் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய்?’ என்கிறார் கணவர். நான் அவ்வளவு பலவீனமானவளா? இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பதில்: முதலில் உங்கள் கணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது அன்பில்லாததால் எழுந்த கேள்வியன்று, உங்களுக்கு நடந்தது என்ன என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். பணியிடத் துன்புறுத்தலின் இயல்பே அப்படிப்பட்டது. கூட்டத்திற்கு அழைக்கவில்லை, வணக்கம் சொன்னால் திரும்பிப் பார்க்கவில்லை, பேசும்போது கைப்பேசியைப் பார்த்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னால், கேட்பவருக்கு அவை சில்லறை விஷயங்களாகவே தோன்றும். அவற்றை ஒரே ஆள், ஒரே ஆளின்மீது, மாதக்கணக்கில் இடைவிடாமல் செய்தார் என்பதில்தான் நஞ்சு இருக்கிறது; அந்தத் தொடர்ச்சியை வாழ்ந்தவரால் மட்டுமே உணர முடிகிறது. 1980-களில் இதை முறையாக ஆராயத் தொடங்கியவர்களில் முன்னோடியான ஹைன்ஸ் லேமன் என்னும் உளவியலாளர், ஜெர்மனியில் பிறந்து ஸ்வீடனில் பணியாற்றியவர். வாரத்திற்கு ஒரு முறையாவது, ஆறு மாதங்களாவது தொடரும் பகைச்செயல்களையே பணியிடத் துன்புறுத்தல் என்று அழைக்க வேண்டும் என்று அவர் வரையறுத்தார். அவர் பட்டியலிட்ட 45 செயல்களில் பேசவிடாமல் தடுப்பது, ஆள் இருப்பதையே கண்டுகொள்ளாமல் விடுவது போன்றவையும் உண்டு. உங்கள் கடிதத்தில் இருப்பவை புதிதாக நீங்களே கற்பனை செய்துகொண்டவை அல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

லேமன் இன்னொன்றையும் கவனித்தார். என் அனுபவத்தில் அதுவே எல்லாவற்றிலும் கொடியது. நீண்ட நாள் துன்புறுத்தப்படுபவர் பதற்றம் கொள்கிறார், தவறுகள் செய்கிறார், சிறு சொல்லுக்கும் கண் கலங்குகிறார் அல்லது எரிந்து விழுகிறார். சுற்றியிருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு ‘இவர் சுபாவமே இப்படித்தான், இவரோடு யாரால் வேலை செய்ய முடியும்?’ என்கிறார்கள். துன்புறுத்தலின் விளைவு, துன்புறுத்தலுக்குக் காரணமாக மாற்றிச் சொல்லப்படுகிறது. நாளடைவில் பாதிக்கப்பட்டவரும் அதை நம்பத் தொடங்கிவிடுகிறார். ‘நான் அவ்வளவு பலவீனமானவளா?’ என்று நீங்கள் கேட்கிறீர்களே, அந்தக் கேள்வி உங்களுடையதுதானா என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். 11 ஆண்டுகளுக்கும் மேலாக உங்களுக்கு எழாத ஐயம், அந்த மேலாளர் வந்த பிறகுதானே எழுந்தது?

நெஞ்சு படபடப்பதைப் பற்றி. இரண்டு ஆண்டுகள், ‘வந்துவிட்டுப் போங்கள்’ என்ற சொல்லைத் தொடர்ந்து ஓர் அவமானம் வந்துகொண்டிருந்தது. உங்கள் உடல் அந்த இரண்டையும் சேர்த்துப் பழகிக்கொண்டது. இடம் மாறியது உங்கள் அறிவுக்குத் தெரியும், உடலுக்கு இன்னும் தெரியாது. 2003-ஆம் ஆண்டில் நயோமி ஐசன்பர்கரும் அவருடைய குழுவினரும் நடத்திய ஓர் ஆய்வில், கணினியில் பந்தை மாற்றி மாற்றி எறியும் எளிய விளையாட்டிலிருந்து ஒருவரை ஒதுக்கியபோது, உடல்வலி தரும் துயரத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதி ஒன்று கூடுதலாகச் செயல்பட்டதைக் கண்டார்கள். முன்பின் தெரியாதவர்கள், சில நிமிட விளையாட்டு; அதற்கே இப்படி என்றால், பிழைப்புக்கு நம்பியிருந்த இடத்தில், தினமும் முகம் பார்த்தவர்களால், இரண்டு ஆண்டுகள் ஒதுக்கப்பட்டது எட்டே மாதங்களில் மறைந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

இனி, யாரிடம் சொல்வது என்ற கேள்வி. ஆறுதல் சொல்பவர் பலர் கிடைப்பார்கள். உங்களுக்கு முதலில் வேண்டியது ஆறுதலன்று, நடந்ததை நடந்ததாக நம்பும் ஒருவர். அறிவுரை கூறாமல், ‘நீ என்ன செய்தாய்?’ என்று குறுக்கே கேட்காமல், முழுவதையும் கேட்டுவிட்டு ‘இது நடந்திருக்கக் கூடாது’ என்று சொல்லக்கூடிய ஒரே ஒருவர் போதும். அது பழைய அலுவலகத்திலிருந்து உங்களுக்கு முன்பே வெளியேறிய தோழியாக இருக்கலாம். அவருக்குச் சூழல் தெரியும், பாதியை விளக்கவே வேண்டியிருக்காது. கணவரே அந்த ஒருவராக வேண்டும் என்று விரும்பினால், சம்பவங்களை அடுக்குவதை நிறுத்திவிட்டு, அவை உங்களை என்ன செய்தன என்பதைச் சொல்லுங்கள். ‘அவர் கைப்பேசியைப் பார்த்தார்’ என்பதைவிட ‘இரண்டு ஆண்டுகள் தினமும் காலையில் அலுவலக வாசலில் ஐந்து நிமிடம் நின்று மூச்சை இழுத்துவிட்டுத்தான் உள்ளே போனேன், அதை உங்களிடம் சொல்லவில்லை’ என்பது அவருக்கு எளிதில் புரியும். கூடவே, ‘இப்போது வழி சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்’ என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெருங்கியவர் துன்பப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது பலருக்குக் கடினம். அதனால்தான் ‘மறந்துவிடு’ என்று அவசரப்படுகிறார்கள்.

பேச வாய் வரவில்லை என்றால் எழுதலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்னும் இரு ஆய்வாளர்கள் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களை உலுக்கிய நிகழ்வைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம் வீதம் அடுத்தடுத்து நான்கு நாட்கள் எழுதினார்கள். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்தவுடன் மனம் கனத்தே போனார்கள்; ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் உடல்நலக் குறைவுக்காக மருத்துவரைப் பார்க்கச் சென்றது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே எழுதிய அன்று அழுகை வந்தால் அஞ்ச வேண்டாம். அதே வேளையில், நான்கு நாட்கள் என்பதையும் கவனியுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே காயத்தைக் கிளறிக்கொண்டிருக்கும் நாட்குறிப்பை நான் பரிந்துரைக்கவில்லை. எழுத எழுத அந்த அறைக்குள்ளேயே மீண்டும் போய் நிற்பதுபோல் இருந்தால், நிறுத்திவிட்டு அதை ஒரு மனநல ஆலோசகரின் துணையோடு செய்வதே நல்லது.

ஆலோசகரிடம் போக வேண்டிய நேரம் எது என்று பலர் கேட்கிறார்கள். தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், பழைய காட்சிகள் வேண்டாத நேரத்தில் வந்து நின்றால், வேலைக்குக் கிளம்புவதே போராட்டமாக இருந்தால், இனியும் தள்ளிப்போட வேண்டாம். அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்புகளில் பயிற்சி உள்ளவரா, எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் அறிதல்நடத்தைச் சிகிச்சை அளிப்பவரா, பணியிடத் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களுடன் முன்பு பணியாற்றியிருக்கிறாரா என்று முதல் சந்திப்பிலேயே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ‘அவர் அப்படி நடந்துகொள்ள நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்பதையே முதல் கேள்வியாக வைக்கும் ஆலோசகர் உங்களுக்குரியவர் அல்லர், வேறொருவரைத் தேடுங்கள். ஒருவர் பொருந்தவில்லை என்பதால் சிகிச்சையே பயனற்றது என்றாகிவிடாது.

மின்னஞ்சலைப் பத்து முறை படிப்பதைப் பற்றி ஒரு சிறு பயிற்சி. முக்கியமில்லாத ஒரு மடலை இந்த வாரம் ஐந்து முறையும், அடுத்த வாரம் மூன்று முறையும், பிறகு ஒரே முறையும் படித்துவிட்டு அனுப்புங்கள். எதுவும் இடிந்து விழவில்லை என்பதை உங்கள் உடல் தானே கண்டுகொள்ள வேண்டும். நான் சொல்லி அது நம்பாது. புதிய மேலாளர் நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய கதை எதையும் அவரிடம் சொல்லத் தேவையில்லை. ‘என்னைக் கூப்பிடும்போது எதற்காக என்பதையும் ஒரு வரியில் சொன்னால் தயாராக வர வசதியாக இருக்கும்’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான மேலாளர்கள் இதைப் பொறுப்புணர்வாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: வயது 52. எனக்கு இது இன்னும் முடியவில்லை. மூன்று ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. என்னைவிட இளையவரான துறைத் தலைவர், என் பொறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, இன்று எனக்கு வேலையே இல்லாமல் ஆக்கியிருக்கிறார். உடன் பணிபுரிபவர்கள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ஒருவரும் வாய் திறப்பதில்லை. கடன் இருப்பதால் வேலையை விட முடியாது. புகார் செய்தால் இருப்பதும் போய்விடுமோ என்று அச்சம். ஆண்பிள்ளை இதையெல்லாம் வெளியில் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. சில இரவுகளில் பொழுது விடியாமலே போனால் தேவலை என்று தோன்றுகிறது.

பதில்: ஐயா, உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். விடியாமல் போனால் தேவலை என்ற எண்ணம், தாங்க முடியாத களைப்பிலிருந்து வருவதாகவும் இருக்கலாம், உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம். எது என்பதை இரவில் தனியாகப் படுத்துக்கொண்டு நீங்களே தீர்மானிக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் இந்த வரியை, நீங்கள் எனக்கு எழுதியபடியே, சொல்லுங்கள். வீட்டில் ஒருவருக்கும் தெரியட்டும். அந்த எண்ணம் ‘எப்படி’ என்று யோசிக்கும் அளவுக்கு நகர்ந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் நீங்கள் இருக்கும் நாட்டின் நெருக்கடிகால உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். கூச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்ததாக ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அடி விழுந்துகொண்டிருக்கும்போது காயம் ஆறாது. உங்கள் இன்றைய தேவை குணமடைதலைவிடப் பாதுகாப்பு. வேலையைப் பிடுங்கிவிட்டுச் சும்மா உட்காரவைப்பது, வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சொகுசாகக்கூடத் தெரியும்; ஆனால் ஒருவரைத் தானாக வெளியேறவைக்க நிறுவனங்களில் கையாளப்படும் பழைய வழி அது. எப்போது, எந்தப் பொறுப்பு, யார் முன்னிலையில், எந்தச் சொற்களில் எடுக்கப்பட்டது என்பதைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். உங்கள் உணர்ச்சிகள் அந்தக் குறிப்பில் வர வேண்டாம். அவற்றுக்கு வேறொரு நோட்டு இருக்கட்டும். குறிப்பேட்டை அலுவலகக் கணினியில் வைக்காதீர்கள். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட உத்தரவுகளை ‘இன்று தாங்கள் கூறியபடி இந்தப் பொறுப்பை இன்னாரிடம் ஒப்படைக்கிறேன்’ என்று அமைதியான ஒரு மடலாக அவருக்கே அனுப்பிவிட்டால், அது பின்னாளில் சான்றாக நிற்கும்.

புகார் செய்வதா என்பதை உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த ஒரு தொழிலாளர் வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். ஸ்வீடன் 1993-இலேயே பணியிடத் துன்புறுத்தலுக்கு எதிராகத் தனி விதிகளை வகுத்தது; பிரான்ஸ் 2002-இல் மனரீதியான துன்புறுத்தலைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது; பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றி, 2021-இல் நடைமுறைக்கு வந்த 190-ஆவது உடன்படிக்கை, உளவியல் தீங்கையும் பணியிட வன்முறை, துன்புறுத்தல் என்பவற்றின் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆனால் ஒரு நாடு அதை ஏற்று உறுதிசெய்திருந்தால்தான் அது அந்த நாட்டைக் கட்டுப்படுத்தும். மனிதவளத் துறையில் நல்லவர்கள் இருக்கலாம்; எனினும் அந்தத் துறைக்குச் சம்பளம் தருவது நிறுவனம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ‘என்னைத் துன்புறுத்துகிறார்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, தேதிகளையும் செயல்களையும் முன்வைத்துப் பேசுங்கள். நிறுவனமே அமர்த்திய ஆலோசகரிடம் மனம் திறப்பதற்கு முன், நீங்கள் பேசுவது யார் யாருக்குத் தெரியவரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய் திறக்காத சக பணியாளர்களைப் பற்றி உங்களுக்கு எழும் கசப்பு நியாயமானது. பலர் ‘அடுத்தது நானாகிவிடுவேனோ’ என்ற அச்சத்திலேயே ஒதுங்குகிறார்கள். எல்லோரையும் ஒரு கூட்டமாகப் பார்க்காமல், அவர்களில் ஒருவரை மட்டும் அலுவலகத்திற்கு வெளியே சந்தித்து, ‘எனக்காகச் சண்டை போட வேண்டாம், நடப்பது உனக்குத் தெரிகிறதா என்று மட்டும் சொல்’ என்று கேட்டுப் பாருங்கள். ‘தெரிகிறது’ என்ற ஒற்றைச் சொல், மூன்று ஆண்டுகளாகத் தன் புத்தியையே சந்தேகித்துக்கொண்டிருந்த மனிதருக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கடன் இருப்பதால் நாளையே வெளியேற முடியாது என்பது உண்மை. வேறு வேலை தேடவே முடியாது என்பது அதே உண்மையன்று. உங்களிடமிருந்து பிடுங்கப்பட்ட நேரம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. இன்னும் எத்தனை மாதம் இங்கே என்று நீங்களே ஒரு கணக்கு வைத்துக்கொண்டால், அதே நாற்காலி கொஞ்சம் வேறுவிதமாகத் தெரியும்.

கேள்வி: என் நெருங்கிய தோழி ஓராண்டுக்கு முன் இப்படிப்பட்ட ஓர் இடத்திலிருந்து வெளியேறினாள். அன்றிலிருந்து ஏறக்குறைய தினமும் இரவில் அழைத்து, அதே கதையை, அதே சொற்களில், ஒரு மணி நேரம் சொல்கிறாள். நானும் கோபப்பட்டு, அவளோடு சேர்ந்து அந்த மேலாளரைத் திட்டுகிறேன். பேசி முடித்ததும் அவளுக்கும் தூக்கம் வருவதில்லை, எனக்கும் வருவதில்லை. இப்போதெல்லாம் அவள் அழைத்தாலே எடுக்கத் தயங்குகிறேன். நான் கெட்ட தோழியா?

பதில்: ஓராண்டு கேட்டிருக்கிறீர்கள், கெட்ட தோழி அதைச் செய்யமாட்டாள். ஆனால் கேட்பதிலும் ஒரு வகை, காயத்தை ஆறவிடாமல் வைத்திருக்கிறது. அமாண்டா ரோஸ் என்னும் உளவியலாளர் 2002-இல் சிறார்களின் நட்பை ஆராய்ந்தபோது, இருவர் சேர்ந்து ஒரே துன்பத்தைத் திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் நட்பின் நெருக்கத்தோடும் தொடர்புடையதாக இருந்தது, மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் தொடர்புடையதாக இருந்தது. அவர் ஆராய்ந்தது பிள்ளைகளைத்தான். ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அதுவே நினைவுக்கு வந்தது.

கதையை நிறுத்தச் சொல்லாதீர்கள், அவளுக்கு அது கதவைச் சாத்துவதுபோல் இருக்கும். பகலில் ஒரு நாள் நேரில் சந்தித்து, ‘நீ சொன்ன எல்லாவற்றையும் நான் நம்புகிறேன், இனி நீ எனக்கு நிரூபிக்க வேண்டியதில்லை’ என்று சொல்லுங்கள். ஒருவர் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பல வேளைகளில் காரணம், இன்னும் நம்பப்படவில்லை என்ற ஐயம்தான். அதன் பிறகு, தூங்குவதற்கு முந்தைய அழைப்பை மாலைக்கு மாற்றுங்கள். முதல் இருபது நிமிடம் அதற்கு, மீதி நேரம் வேறு எதற்காவது என்று இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். மேலாளரைத் திட்டுவதற்குப் பதிலாக ‘அதன் பிறகு நீ என்ன செய்தாய்?’ என்று கேளுங்கள். அவள் சமாளித்த விதங்கள் அப்போதுதான் கதைக்குள் வரும். நடந்துகொண்டே பேசுவது, சேர்ந்து ஏதாவது கற்றுக்கொள்வது எல்லாம் நல்லது. அந்த மேலாளர் இல்லாத ஒரு மணி நேரம் அவளுக்குக் கிடைக்கும். உங்களால் இயலாத இரவில் ‘இன்று முடியவில்லை, நாளை ஆறு மணிக்கு நானே அழைக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, மறுநாள் ஆறு மணிக்குத் தவறாமல் அழையுங்கள். எடுக்காமல் விடுவதுதான் அவளைக் காயப்படுத்தும், ஏனென்றால் அவளுக்கு அங்கே நடந்ததும் அதுவே.

ஆலோசகரிடம் அழைத்துச் செல்வது பற்றியும் பேசுங்கள். ‘எனக்குக் கேட்டு அலுத்துவிட்டது, அங்கே போ’ என்று தொனிக்காமல், முதல் முறை நீங்களும் உடன் சென்று வெளியே காத்திருங்கள்.

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரிவில் ஒருவரை இப்படித்தான் விரட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. விசாரணையில்கூட ‘எனக்குத் தெரியாது’ என்றேன். இப்போது அவருக்கு எழுதலாமா? எழுதினால் ஆறிய புண்ணைக் கீறிவிடுவேனோ?

பதில்: எழுதுங்கள். ஆறியிருந்தால் உங்கள் மடல் அதைக் கீறிவிடாது; ஆறாமலிருந்தால் அவர் ஒருவேளை இதற்காகவே காத்திருக்கலாம். சுருக்கமாக எழுதுங்கள். உங்களுக்கு அப்போது இருந்த அச்சம், குடும்பச் சூழல், உங்கள் குற்றவுணர்வு ஆகியவற்றை விளக்கத் தொடங்கினால், கடைசியில் அவர் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். மன்னிப்பை எதிர்பார்த்தும் எழுதாதீர்கள், பதில் எழுதும்படியும் கேட்காதீர்கள். ‘அன்று நடந்ததை நான் பார்த்தேன். அது உங்கள் தவறன்று. அன்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இப்போது எங்கே சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன்’ என்ற நான்கு வரி போதும். நான்காவது வரியை உண்மையிலேயே நிறைவேற்றும் துணிவு இருக்கிறதா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் அனுப்புங்கள்.